‘சீரியஸ்’ என்று சொல்லியிருக்கலாம்

போலீஸ் வேலையில் சேர்ந்தபோது பிணத்தைப் பற்றி எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எதைத் தொடக் கூடாது, காயத்தை எப்படி அளக்க வேண்டும், இன்க்வெஸ்ட் என்ற பிண விசாரணைக்கு யாரைச் சாட்சியாக வைக்க வேண்டும், எல்லாம். செத்தவருடைய வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு எந்த வார்த்தையில் வாயைத் திறப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊர் பாலக்காடு ஜில்லாவில் சித்தூருக்குக் கிழக்கே. எங்களுக்குக் கோயமுத்தூர்தான் பக்கம், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், கேரள பி.எஸ்.சி. வேலைப் பரீட்சைக்காக மலையாளம். அப்பா நெல்லும் நிலக்கடலையும் தென்னையும் வைத்திருந்தார். எங்கள் சொந்தத்தில் காக்கி போட்ட முதல் பெண் நான். ஆரம்பத்தில் பாலக்காட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, பிறகு இடுக்கியில் ஏலமலைப் பக்கம் ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே தோட்டத்து ஜனம் பாதிக்கு மேல் தமிழர்கள். ஸ்டேஷனில் இருந்த மற்றவர்களுக்கு விலாசம் கேட்கவும் அதட்டவும் போதுமான தமிழ் தெரியும். அதற்கு மேல் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அதனால் தமிழ்க் குடும்பத்தில் ஒரு சாவு என்றால் தகவல் சொல்ல என்னை அனுப்பினார்கள். அப்படி ஒரு உத்தரவு எப்போதும் வந்ததில்லை. முதல் தடவை போனேன், சொன்னேன், அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நன்றாகச் செய்தாய் என்று ஸ்டேஷன் ஆபீசர் பாராட்டினார். அந்தப் பாராட்டோடு அது என் வேலையாகிவிட்டது. லீவில் ஊருக்கு வந்திருக்கும்போதும் போன் வரும். ஒரு வீட்டில் தகவல் சொல்ல வேண்டும், நீ போனிலேயே பேசிவிடு, இங்கே யாருக்கும் பேசத் தெரியவில்லை என்பார்கள். காற்றில் கிளை முறிந்து விழுந்தவர்கள், மழையில் வீட்டுச் சுவர் இடிந்து மாட்டிக்கொண்டவர்கள், குளவி கொட்டியவர்கள், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தவர்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வந்த நாட்களும் இருந்தன. இடையில் வெள்ளை பேப்பரில் புகார் எழுதிக்கொண்டு வந்தவர்களிடம் நான் சாதாரணமாகப் பேசுவேன், சிரிக்கவும் செய்வேன்.

அந்த வேலை என் பேச்சுக்குள் எவ்வளவு ஊறிவிட்டது என்பதை ஒரு பொங்கல் சமயத்தில்தான் தெரிந்துகொண்டேன். லீவு கிடைக்கவில்லை, பண்டிகைக்கு வர முடியாது என்று சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "அம்மா, கொஞ்சம் உக்காரும்மா. பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறேன். எந்த வீட்டிலும் நான் முதலில் கேட்பது அதுதான். பழக்கம் அப்படி வந்துவிட்டது.  பிறகு அப்பா போனை வாங்கி, என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அம்மா கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு நான் டூட்டி நேரத்தில் கூப்பிட்டால் அம்மா என் குரலைக் கேட்டதும், "ஆருக்கு கண்ணு?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பது அதற்கு அப்புறம்தான்.

ஸ்டேஷனில் எல்லோருக்கும் ஒரு வழி இருந்தது. செத்துப் போய்விட்டார் என்று வீட்டில் வைத்துச் சொல்லக் கூடாது. கொஞ்சம் சீரியஸாக இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சொல்லி வண்டியில் ஏற்ற வேண்டும். மற்றதை டாக்டர் சொல்லிக்கொள்வார். வழியில் யாரும் மயக்கம் போட்டு விழாமல் இருக்க இதுதான் நல்லது என்று எனக்கும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகும் வரை.

அவருடைய மகன் மரம் வெட்டும்போது அடியில் மாட்டிக்கொண்டான். நான் போவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. பெரியவர் வேறொரு தோட்டத்தில் வாட்ச்மேனாக இருந்தார். சீரியஸ் என்று சொல்லி ஜீப்பில் ஏற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் பாதை முழுக்கவும் வளைவு. வளைவுக்கு வளைவு அவர் ஒரு சாமியைக் கூப்பிட்டார். பழனிக்கு மொட்டை என்றார், குலசாமிக்குக் கிடா என்றார், பிறகு வேளாங்கண்ணிக்கும் நடந்தே வருவதாகச் சொன்னார். நடுவில் என் பக்கம் திரும்பி, ரத்தம் கேட்பார்களா என்று விசாரித்தார். மகனுக்கும் தனக்கும் ஒரே ரத்தம்தான், பிறந்தபோதே பார்த்துச் சொன்னார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி வைத்துக்கொண்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சுருட்டிய கையோடு அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போனார். எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். மார்ச்சுவரி இருக்கும் பக்கத்தை நான் காட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் முடிவு செய்துவிட்டேன். யாரையும் இப்படி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லி, நேராகச் சொல்லிவிடுவேன். எந்த வார்த்தை என்பதையும் முடிவு செய்தேன். ‘போயிட்டார்’ என்று சொல்லக் கூடாது. ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, எங்கே போனார் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். ‘இறந்துட்டார்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் ஆபீசருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் என் இஷ்டத்துக்கு விட்டார். நேராகச் சொல்வதுதான் மரியாதை என்று நான் உறுதியாக நம்பினேன். கூட வேலை செய்தவர்களிடமும் அப்படித்தான் வாதம் செய்வேன்.

அந்த ஊரில் எனக்கு வாடகை வீடு. ஒரே கூரையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகள். ஒன்றில் நான், மற்றதில் ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அவர்கள் கம்பத்துப் பக்கம். மலையேறி வந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அக்கா வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். அண்ணன் ஜீப் ஓட்டினார். காலையில் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் அவர் வேலை. ஒரே மகள் கோயமுத்தூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். மகள் இருக்க வேண்டிய இடத்தில் அக்கா என்னை வைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சமைக்கத் தெரியாதவள். டூட்டி முடிந்து வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தட்டெடுத்துக்கிட்டு வாத்தா" என்று சத்தம் வரும்.

என் பேச்சைக் கேட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். வீட்டை நான் ‘ஊடு’ என்று சொன்னால் அண்ணன், எங்க ஓடச் சொல்ற என்று கேட்பார். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாட்களில் அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எதுவும் கேட்க மாட்டார். வெந்நீர் வைத்துக் கொடுத்து, குளித்துவிட்டு வா என்பார். குளித்துவிட்டு வந்தால் அவர் ஸ்டோரில் நடந்த சண்டை, மகள் போனில் சொன்ன கதை, அண்ணன் ஜீப்பில் ஏறிய யாரோ ஒருவருடைய பேச்சு என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஊரில் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்த வீடுதான் காரணம். இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் முற்பகல், ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. ஒரு ஜீப் ஏலக்காட்டுக்குள் உருண்டுவிட்டது, சாலையோரத்து மண் சரிந்திருக்கிறது, வண்டியில் ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றார்கள். எஸ்.ஐ.யோடு நானும் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஏலச் செடிகளை நசுக்கிக்கொண்டு ஜீப் தலைகீழாகக் கிடந்தது. முன் கண்ணாடி உடையாமல் இருந்தது. அதில் அக்கா மகளுடைய பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அதைப் படித்த பிறகும், அந்தப் பெயரில் வேறு எத்தனையோ பெண்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டே இறங்கினேன். கீழே போனபோது அண்ணன் கிடந்தார். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழி. அவரை வெளியே எடுப்பதற்குள்ளேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சேறு. என் கர்ச்சீப்பால் துடைத்தேன். மேலே சாலையில் நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஐ. கத்தினார். கத்தியதையும் யாரோ பிடித்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டர் பார்த்து முடித்ததும் ஸ்டேஷன் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். படம் இப்போதே வாட்ஸப்பில் போய்க்கொண்டிருக்கும், அவர் மனைவியின் கைக்குப் போய்ச் சேருவதற்குள் நீ போய்ச் சொல்லிவிடு என்றார். பக்கத்து வீடு, எனக்குச் சொந்த அக்கா மாதிரி என்று சொன்னேன். அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று, தெரிந்தவர்கள் வாயால் கேட்டால் தாங்கிக்கொள்வார்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வேறு யாரோ முன்பின் தெரியாத ஆள் போய், சீரியஸ் என்று பொய் சொல்லி அவரை ஏற்றிக்கொண்டு வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நானே போகிறேன் என்றேன்.

ஸ்டோருக்குள் நான் நுழைந்தபோது நீளமான மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காக்கியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் வந்தால் என்ன அர்த்தம் என்பது அந்தப் பக்கத்தில் தெரியும். அங்கே இருந்தவர்களில் ஒருத்தியின் வாசலுக்கு நான் ஏற்கெனவே போயிருக்கிறேன். அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் பக்கம் நான் வந்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் வேண்டிக்கொள்வது எனக்குத் தெரிந்தது. அக்கா ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னத்தா, இந்நேரத்துல? சாவியத் தொலச்சுட்டியா?"

என் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும். நான் அடிக்கடி தொலைப்பேன்.

"இல்லீங்க்கா. கொஞ்சம் வெளிய வாங்க."

"இந்த முறத்த முடிச்சுட்டு வாறேன்."

"முறம் இருக்கட்டுங்க்கா."

அப்போதும் அவருக்குப் பிடிபடவில்லை. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணையும் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். ஸ்டோருக்கு வெளியே காய் உலர்த்த அடுக்கியிருந்த விறகில் அக்காவை உட்கார வைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே சொன்னேன். "அண்ணன் ஜீப்பு கவுந்துருச்சுங்க்கா. அண்ணன் இறந்துட்டாருங்க."

அவர் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்பது போல. பிறகு கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒட்டியிருந்த காய்த் தூசியைத் தட்டினார். எழுந்து உள்ளே போனார். தன் இடத்தில் உட்கார்ந்து, முறத்தை இழுத்து மறுபடியும் காய் பொறுக்க ஆரம்பித்தார்.  நல்ல காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று விரல்கள் தப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தன. எதிரில் இருந்த பெண் மேஜைக்கு மேலே கையை நீட்டி அவருடைய இரண்டு கையையும் பிடித்த பிறகுதான் சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் எங்கள் ஜீப்பில் ஏறவில்லை. ஸ்டோர் முதலாளியின் காரில் போனார். நான் பின்னால் போனேன். மறுநாள் எடுப்பு. லீவு போட்டுவிட்டு, காக்கி இல்லாமல், நானும் ஆட்களோடு ஆளாக நின்றேன். மகள் வந்திருந்தாள். அக்காவுக்குப் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கூட்டம் குறைந்ததும் போகலாம் என்று இருந்தேன். கூட்டம் குறைந்தபோது கம்பத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா திரும்பி வர ரொம்ப நாளாயிற்று. வந்த அன்றே என் மாற்றுச் சாவியை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்கும், தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்கும். நான் வாசலுக்கு வந்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஆரம்பத்தில் துக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் மற்றவர்களோடு பேசுகிறார். குழாயடியில் சிரிக்கவும் செய்கிறார். நான் வரும் சத்தம் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவர் வாசற்படியில் நின்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டேன். அவர் தண்ணீரை வடித்துக்கொண்டே பேசினார்.

"உன் மேல எனக்குக் கோவமில்லத்தா. ஆனா ஒண்ணு சொல்றேன். மத்தவுக வீட்டுலயெல்லாம் சீரியஸா இருக்காரு, வாங்கன்னுதான சொல்றாக? அப்படிச் சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்குமாச்சும் எனக்கு அவுக உசுரோட இருந்திருப்பாக. அந்தக் கொஞ்ச தூரத்தையாவது நீ எனக்கு விட்டுருக்கலாம்."

என்னிடம் பதில் இருந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்த அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவரைப் போல நீங்களும் ஆகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரிசியைக் களைந்துகொண்டிருக்கும் ஒரு மனுஷியிடம் வாதம் பண்ணுவதற்கு அது என்ன கோர்ட்டா. சரிங்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சில நாளில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். அவர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கும் அங்கே படுத்தால் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் தகவல் சொல்லப் போன ஒவ்வொரு வீட்டிலும் தடுமாறினேன். நேராகச் சொல்ல வாய் வராது. சீரியஸ் என்று சொல்லவும் வாய் வராது. வாசலில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. கேட்பவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே அவர்கள் அழ ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம், என் சொந்த வாழ்க்கையில் எதற்கும் எனக்கு அழுகை வராமல் போயிற்று. அதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. அப்பா இறந்தபோது வீட்டுக்காரரோடு ஊருக்கு வந்தேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போன் செய்தேன். எத்தனை மணிக்கு, எப்படி, எடுப்பு எப்போது என்று வரிசையாகச் சொன்னேன். யார் அழுதாலும், பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். இது உன்னோட அப்பா, நீ போய் உள்ளே உட்கார் என்றார். உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என் மடியில் விழுந்து அழுதார். எனக்கு அவர் முதுகைத் தட்டிக்கொடுக்க மட்டும்தான் தெரிந்தது. யாரோ ஒரு வீட்டு அம்மாவைத் தட்டிக்கொடுப்பது போலவே தட்டிக்கொடுத்தேன்.

அதன் பிறகு ஊருக்குப் பக்கமாக வேண்டுமென்று கேட்டு, அட்டப்பாடியில் அகளிப் பக்கம் மாற்றம் வாங்கிக்கொண்டேன். அங்கேயும் தமிழ் பேசுபவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் சாவு இருக்கிறது. ஆனால் தமிழ் தெரிந்த வேறு ஆட்களும் ஸ்டேஷனில் இருந்தார்கள். முடிந்தவரை அவர்களைப் போகவிட்டேன். அக்காவைப் பற்றி யாரிடமாவது விசாரிப்பேன். இன்னும் அதே ஸ்டோரில்தான் இருக்கிறார், மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பார்கள். ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று நம்பரை எடுப்பேன். என் பெயர் அவர் போனில் தெரிந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று நினைத்து வைத்துவிடுவேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

போன வருஷம் ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த மகள்தான். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாளாம். கல்யாணம் முடிவாகியிருக்கிறது, கம்பத்தில் நடக்கிறது என்றாள். கட்டாயம் வருகிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினாள். அம்மா ஒன்று சொல்லச் சொன்னார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள்.

"கல்யாணத்தன்னைக்கு வேணாம்க்கா. மறுநாள் மலை மேல வீட்டுக்கே வரச் சொன்னாங்க. அம்மா மட்டும்தான் இருப்பாங்க."

எனக்குப் புரிந்தது. அந்த நல்ல நாளில் என் முகம் அங்கே இருக்கக் கூடாது. மறுநாளே வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு, அழைக்கவே இல்லாமல் விட்டிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்குமே என்றும் தோன்றியது. ஆனாலும் லீவு எழுதிக் கொடுத்தேன். கோயமுத்தூர் வழியாகக் கம்பம் போய், மலையேறும் ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் ஏலக்காட்டு வாசனை.

அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எத்தனை நேரம் பார்க்க முடிகிறது என்று தன்னையே சோதிக்கிற மாதிரி இருந்தது. பிறகு, "வாத்தா" என்றார். எனக்கு எதிரில் உட்காராமல், என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கல்யாணத்துப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, மழை வருமோ என்று பயந்ததைப் பற்றி, யார் யார் வந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசினோம். நான் அப்பா இறந்ததைச் சொன்னேன். தெரியாதே என்றார். நான் சொல்லவில்லையே என்றேன்.

அப்புறம் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

அன்றைக்கு மகளுக்கு யார் சொன்னது என்று எனக்கு அதுவரை தெரியாது. காரில் போகும்போது அக்காதான் போன் செய்திருக்கிறார். அவள் எடுத்து, என்னம்மா என்று கேட்டதும் இவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. அப்பாவுக்கு முடியவில்லை, சீரியஸாக இருக்கிறார், கிளம்பி வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பெண் நர்ஸிங் படிக்கிறவள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குத் தெரிந்த டாக்டர்களுக்குப் போன் செய்துகொண்டே வந்திருக்கிறாள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெட் சொல்லி வைத்திருக்கிறாள், ஆம்புலன்ஸுக்குப் பேசியிருக்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மலையேறி வீட்டுப் பக்கம் வந்ததும் வாசலில் பந்தல் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"ரொம்ப நாள் எங்கிட்ட அவ பேசல," என்றார் அக்கா. "அப்புறம் ஒருநா கேட்டா. உனக்கு அந்த போலீஸக்கா நேராச் சொன்னாங்கள்ல, எனக்கு நீ ஏம்மா சொல்லலன்னா. உனக்குத் தெரிஞ்சதும் நீ அழுதுட்ட, நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி ஊரெல்லாம் போன் போட்டுட்டு வந்தேன்னா. நான் என்னத்தச் சொல்ல?"

நான் அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். பழனி, குலசாமி, வேளாங்கண்ணி, சுருட்டிய சட்டைக்கை, எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். 

"அப்ப எதுதான்த்தா சரி?"

"தெரியலீங்க்கா."

"இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தப்ப."

"சொல்லியிருக்கலாமுங்க்கா."

"நான் மட்டும் கேட்டுருப்பேனாக்கும்," என்றார். அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அவுக மூஞ்சியத் தொடச்சது நீதானாமே?"

ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்தார். அடிக்கடி வா என்று சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் போடு என்றார், அதையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, மெசேஜ் போட்டாப் போதும் என்று திருத்தினார். அன்று ராத்திரி மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் மறுநாள் காலையில்தான் வந்தது.

அதற்குப் பிறகு பண்டிகைக்கு இரண்டு தடவை பேசினோம். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் எடுத்ததும் ஒரு கணம் ஒன்றும் பேசாமல் காத்திருக்கிறார், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. ஒன்றுமில்லைங்க்கா, சும்மாதான் கூப்பிட்டேன் என்று நான் அவசரமாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது.